பெரட்டுக் களத்தில் கேட்ட கேள்வி

உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா தம்பி? ஹட்டனிலிருந்து மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். டிகிரி முடித்துவிட்டேன், தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய ஆசை, அந்த வேலைக்குப் போகிறவனுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், சொல்லுங்கள் அம்மா என்று. பத்திரிகைக்காரர்களும் அதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே படித்தவள். உனக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

அதிலே "சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறாய். கடிதத்தை வாசித்துக் காட்டிய என் மருமகள் சரசு அந்த இடத்தில் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் கட்டுப்பல் கழன்றுவிடும்.

தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனாலும் மூன்று பக்கம் எழுதியவனை வெறும் கையோடு அனுப்பக் கூடாது. இத்தனை வாரமாகக் கண்டதைச் சொல்லித்தானே இந்தப் பக்கத்தை நிரப்புகிறேன். இந்த வாரம் ஷர்மிளா மிஸ்ஸைக் கண்டதைச் சொல்கிறேன்.

ஜீப்பில் வந்தவள்

அப்போது நான் வேலையிலிருந்து நின்று சில வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் காலையில் பெரட்டுக்குப் போவதை விடவில்லை. பெரட்டு என்றால், கொழுந்து பறிக்கிற பெண்கள் எல்லோரும் விடிந்ததும் களத்தில் வந்து நிற்பது. மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா வந்து, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார். சரசு தினமும் ரொட்டிப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போவாள், நான் தினமும் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் மறக்காத நாளில் நானே எடுத்து ஒளித்து வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் எனக்கு ஊர்க்கதை எப்படிக் கிடைக்கும்?

அன்றைக்கு ஆடி மழை. அக்கரப்பத்தனைப் பக்கத்து மழை உனக்குத் தெரியும், மேலேயிருந்து விழுவது பாதி, பக்கவாட்டில் வருவது மீதி. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஈரச் சாக்கு வாசனையும் வெற்றிலை வாசனையும் கலந்து அடித்தது.

அந்த நேரத்தில் பங்களாப் பக்கமிருந்து தோட்டத்து ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். புதுச் சப்பாத்து, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை, நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் கோப்பு. கண்டாக்கையா ஓடிப்போய் அவள் தலைக்கு மேலே குடையைப் பிடித்தார்.

அந்தக் குடையைக் கவனித்துக்கொள் தம்பி. அன்றைக்கு நடந்த பிழை முழுவதும் அதற்கு அடியில்தான் நடந்தது.

"இவங்க நுவரெலியாவுல ஒரு நிறுவனத்துல இருந்து வந்திருக்காங்க. ஒங்களுக்கு ஏதும் கொறை இருந்தா சொல்லலாமாம். சட்டுன்னு சொல்லுங்க, மலைக்கு நேரமாகுது" என்றார் கண்டாக்கையா.

"எல்லாருக்கும் வணக்கம்மா. என் பேரு ஷர்மிளா" என்றாள் அந்தப் பெண். "தண்ணி, மலசலகூடம், பிள்ளைக் காம்பரா, எதுல பிரச்சினை இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க."

எங்களுக்கு அடுத்த வீடான பக்கத்துக் காம்பராவில் இருக்கிற செல்லம்மா, எப்போதும் வாய் ஓயாதவள், கூடைக் கயிற்றில் என்னவோ சிக்கல் விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி வசதி எப்படிம்மா?"

"பரவாயில்லீங்க மிஸ்."

"ஒரு குறையும் இல்லையா?"

"இல்லீங்க."

பாவமாக இருந்தது எனக்கு. இவ்வளவு தூரம் வந்த பிள்ளை வாடிப்போகக் கூடாதே என்று நான் குறுக்கே நுழைந்தேன். "எங்களுக்கு என்னா மிஸ் கொறை? மேல பாத்தாலும் தண்ணி, கீழ பாத்தாலும் தண்ணி. கொழும்புக்காரங்களே எங்களப் பாத்து வயிறு எரிவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கண்டாக்கையாவும் சிரித்தார். ஷர்மிளாவும் சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்து எழுதினாள். என் பேச்சை ஒரு படித்த பிள்ளை எழுதுகிறாளே என்று எனக்குப் பெருமை வேறு. சிரிப்புக்குச் சொன்னதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உண்மையில் தண்ணீர் எங்கே இருந்தது

மேல்கணக்கு என்கிற எங்கள் பகுதி லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, ஒரு காலத்தில் குழாய் இருந்தது. மண் சரிந்தபோது தொட்டி வெடித்தது, குழாய் அறுந்தது, அதோடு சரி. அதற்குப் பிறகு கீழே பள்ளத்தில் இருக்கிற பீலிதான். பாறையிலிருந்து ஊறி வருகிற தண்ணீருக்கு மூங்கிலை வெட்டி வைத்திருப்பார்கள். இனிப்பான தண்ணீர். போகும்போது இறக்கம், வரும்போது குடத்தோடு ஏற்றம். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்த கால்கள் அந்த ஏற்றத்தை மறுபடி ஏற வேண்டும். மழைக்காலத்தில் வழுக்கும். செல்லம்மா ஒரு தடவை விழுந்து, குடத்தைக் காப்பாற்றினாள், கையை உடைத்துக்கொண்டாள்.

இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். கண்டாக்கையா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாளைக்கு யார் எந்த மலைக்கு என்று சொல்வது அவர் வாய்தான். வெளியாளுக்கு முன்னால் தண்ணீர் இல்லை என்று சொன்னால் அது அவர்மேல் சொன்ன குறையாகிவிடும். அடுத்த நாள் அட்டைக் கடியும் செங்குத்தும் உள்ள மலை யாருக்கு விழும் என்று பெரட்டில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஷர்மிளா ஜீப்பில் வந்தாள், அவர் பிடித்த குடைக்குள் நின்றாள். எங்கள் கண்ணுக்கு அவள் தோட்டத்து நிர்வாகத்தின் ஆள். அதோடு முடிந்தது.

உன் புரொபசர்கள் கேள்வியை எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யார் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்பது என்று சொல்லிக் கொடுத்தார்களா?

கோழி வந்த வருடமும் பலூன் வந்த வருடமும்

கொஞ்சம் பொறு, பின்னாலே போய்விட்டு வருகிறேன். எங்கள் வாய் மூடிக்கொண்டதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. பழக்கமும்தான்.

அதற்கு ரொம்ப வருடம் முன்னால் வேறு ஒரு நிறுவனம் வந்தது. பெயர் மறந்துவிட்டது, ஞாபகம் இருந்தாலும் சொல்லமாட்டேன். பெண்களை உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அருமையாகக் கேட்டார்கள். நாங்களும் நம்பி, வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை வேண்டும் என்றோம். எழுதிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் லொறியின் கதவைத் திறந்து வீட்டுக்கு வீடு கோழி கொடுத்தார்கள். எங்களிடம் கேள்வி கேட்கும்போதே கோழி லொறியில் உட்கார்ந்திருந்தது!

வெள்ளை வெளேரென்று பெரிய கோழிகள். கீழ்நாட்டுச் சூட்டில் வளர்ந்தவை போல. எங்கள் பனிக்குத் தாங்கவில்லை, தும்ம ஆரம்பித்துவிட்டன. என் வீட்டுக்காரர், அப்போது இருந்தார், எங்கள் கோழிக்குப் பழைய சுவெட்டரின் கையை வெட்டி மாட்டிவிட்டார். அது அந்த உடுப்போடு வாசல் இஸ்தோப்பில் நடப்பதைப் பார்க்கக் கீழ்க்கணக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் என்ன, தும்மலோடு தும்மலாகக் குழம்பில் முடிந்தது.

இன்னொரு நிறுவனம் தலைமைத்துவப் பயிற்சி என்று சொல்லிப் பலூன் ஊதச் சொன்னது. யாருடைய பலூன் வெடிக்காமல் இருக்கிறதோ அவர்தான் தலைவி. எனக்கு ஊத மூச்சு இல்லை, அதனால் வெடிக்கவில்லை, நான் தலைவி ஆனேன். பகல் சோற்றுப் பார்சல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படியே வந்து வந்து எங்களுக்கு ஒன்று படிந்துவிட்டது. கேட்கிறவர்கள் பதிலைத் தேடி வரவில்லை. நல்லதாக நாலு வார்த்தை சொல்லு, வரவுத் தாளில் கையெழுத்துப் போடு, பார்சலை வாங்கிக்கொண்டு போ. நீ இந்த வேலைக்கு வந்தால், உனக்கு முன்னால் வந்த கோழிகளும் பலூன்களும் உன் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும். உன் முகத்தை மட்டும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பஸ்ஸில் வந்தவள்

இரண்டு கிழமை கழித்து ஷர்மிளா மறுபடி வந்தாள். அறிக்கைக்குப் படம் எடுக்க. அன்றைக்கு ஜீப் கிடைக்கவில்லை, பஸ்ஸில் வந்து கீழ்ச் சந்தியில் இறங்கி, யாரிடமோ வழி கேட்டு, குறுக்குப் பாதையில் ஏறியிருக்கிறாள். குறுக்குப் பாதை பீலி வழியாகத்தான் வரும்.

வேலை விட்டு வந்த நேரம். குடங்கள் வரிசையாக இருந்தன. நான் வரிசையில் நாலாவது. கல்லில் உட்கார்ந்து, மருமகளுக்குப் பதிலாக இடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டி?" என்று ஒரு குரல். திரும்பினால் சேறு பூசிய சப்பாத்தோடு அவள். குடத்தைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், மேலே ஏறிப்போகிற பாதையைப் பார்த்தாள்.

"பாட்டி, நீங்கதானே தண்ணிக்குக் குறையில்லன்னு சொன்னீங்க?"

கையும் குடமுமாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? "தண்ணிக்குக் கொறை இல்ல மிஸ். பாருங்க, எவ்வளவு ஊத்துது. எங்க காலுக்குத்தான் கொறை" என்றேன்.

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அப்படியே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் பாட்டி சொல்லல?"

"அன்னைக்கி ஒங்களுக்குக் கொடை புடிச்சது யாரு?"

"கண்டாக்கர்."

"அவரு கையில கொடையும் இருக்கு, எங்க நாளைக்கி வேலையும் இருக்கு. எதப் பாத்து மிஸ் நாங்க பேசுறது?" என்றாள் செல்லம்மா, குடத்தை நிமிர்த்திக்கொண்டே.

அப்போதுதான் அந்தப் பிள்ளை விசயத்தை உடைத்துச் சொன்னாள். அவர்களுடைய ஆபீஸில் தண்ணீர்க் குழாய் போடுவதற்கு ஒரு பட்டியல் இருந்ததாம். அதில் எங்கள் மேல்கணக்கும் இருந்ததாம். பெரட்டில் கேட்டதை வைத்து "மக்கள் குறையில்லை என்கிறார்கள்" என்று இவள் எழுதிக் கொடுத்தாளாம். எங்கள் பெயரை அடித்துவிட்டார்களாம்.

செல்லம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்னும் மறக்கவில்லை.

"கொழும்புக்காரங்க வயிறு எரியிறாங்கன்னு சொன்ன வாய் எங்க?" என்று கேட்டாள்.

நான் சொன்ன புத்தி

ஷர்மிளாவை லயத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். ஒரு குடத்தைத் தானே தூக்கிவருகிறேன் என்று வாங்கினாள். மேலே வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதி இருந்தது, மீதி அவள் உடுப்பில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

அவள் ஹட்டனில் ஒரு தையல்காரரின் மகள். இந்த வேலை கிடைக்க ஒரு வருடம் அலைந்திருக்கிறாள். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் பர்மனன்ட் ஆக்குவார்கள். அந்த ஆறு மாதம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. இப்போது போய், நான் கொடுத்த அறிக்கை பிழை என்று எழுதினால், கேட்கத் தெரியாதவள் என்று அவளே தன் கையால் எழுதிக் கொடுத்த மாதிரி.

"அப்ப எழுதாதீங்க மிஸ்" என்றேன் நான்.

சரசு அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஆமா. கொழா அறுந்ததுல இருந்து தூக்குறோம், இன்னும் கொஞ்ச நாளு தூக்குனா குடம் எங்கள விட்டு ஓடிப்போயிறாது. ஒங்க வேல போனா திரும்பி வராது. பேசாம படத்த எடுத்துட்டுப் போங்க. நாங்க நல்லா சிரிச்சுக்கிட்டே நிக்கிறோம்."

கதவோரம் நின்ற செல்லம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏக்கா, நீ யாரு எங்க தண்ணியத் தூக்கிக் குடுக்க? நீயா தெனமும் மூணு நடை போற? ஒனக்குக் கல்லுல ஒக்காந்து கத பேசுறதுதானே வேல!"

"இந்தப் புள்ள வேல போயிருச்சுன்னா பாவம் ஒன்னச் சேருமா என்னச் சேருமா?"

"என் கை ஒடஞ்சது யாரச் சேந்துச்சு?"

ஷர்மிளா எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு படமும் எடுக்காமல் கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

கதையில் இந்த இடத்தில் ஒன்று சொல்லி வைக்கிறேன். நல்ல மனதோடு சொல்கிறவர்களின் பேச்சைத்தான் இந்த வேலையில் ரொம்பக் கவனமாகக் கேட்க வேண்டும். நான் அவளை ஏமாற்றவில்லை. உண்மையாகவே அவள் மேல் இரக்கப்பட்டேன். ஆனால் எடுத்துக் கொடுத்தது செல்லம்மாவின் தண்ணீரை. உங்கள் ஆபீஸ்களிலும் இப்படிப்பட்ட இரக்கக்காரர்கள் இருப்பார்கள். கேட்டுப் பார், அவர்கள் யாரும் குடம் தூக்குகிறவர்களாக இருக்கமாட்டார்கள்.

எழுதிவிட்டாள்

நாலைந்து நாள் கழித்துச் சரசுவின் போனுக்குப் பேசினாள்.

"பாட்டி, எழுதிட்டேன்."

"என்னா மிஸ் எழுதுனீங்க?"

"பெரட்டுல, கண்டாக்கர் பக்கத்துல நின்னு கேட்டேன், அதனால யாரும் உண்மையச் சொல்லல, பிழை என்னோடதுன்னு. பீலியில பாத்ததையும் எழுதினேன்."

"ஒங்க பெரிய மேடம் என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல பாட்டி. நேர்ல வந்து தானே கேட்டுப் பாக்குறேன்னு சொல்லிட்டாங்க. ரெண்டாவது அறிக்கையும் பிழையா இருந்தா..." அங்கேயே நிறுத்திவிட்டாள். மீதியைச் சொல்ல வேண்டுமா? இரண்டு தடவை பிழையாக எழுதுகிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்?

இதில்தான் சிக்கல். ஏனென்றால் தோட்டத்துக்குள் வர வேண்டுமானால் தொரையிடம், அதாவது மேனேஜரிடம், கேட்க வேண்டும். தொரையிடம் கேட்டால் கண்டாக்கையாவைக் கூட அனுப்புவார். கண்டாக்கையா வந்தால் எங்கள் வாய் மறுபடி பூட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளை எதை உண்மை என்று எழுதினாளோ, அதை நாங்களே வந்து பொய்யாக்கப் போகிறோம்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணி

நினைத்த மாதிரியே நடந்தது. வேலை விட்டு எல்லோரும் வந்த நேரம் வாகனம் வந்தது. மேடம் கொழும்புக்காரி, தமிழ்க்காரிதான். நரைத்த தலை, மெல்லிய குரல். பின்னாலேயே கண்டாக்கையா. அவருக்குப் பின்னால் ஷர்மிளா, முகம் வெளுத்துப்போய். மேடம் இவளைப் பேசக் கூடாது என்று சொல்லியிருப்பாள் போல, வாயே திறக்கவில்லை.

எங்கள் இஸ்தோப்பில் நாற்காலி போட்டோம். பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"தண்ணிக்கெல்லாம் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள் மேடம்.

கண்டாக்கையா தொண்டையைச் செருமினார். வேண்டுமென்று செய்தாரோ, சளியோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செருமல் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஒருத்தியும் பேசவில்லை. செல்லம்மா தரையைப் பார்த்தாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. என் மகன் அதே கண்டாக்கையாவுக்குக் கீழேதான் மருந்து அடிக்கிற வேலையில் இருக்கிறான். வாய் வரைக்கும் வந்தது அங்கேயே நின்றுவிட்டது.

ஷர்மிளா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடப் பரவாயில்லை. பார்க்காமல் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"மேடம், தேத்தண்ணி குடிப்பீங்களா?" என்றேன்.

எங்கள் லயத்துக்கு வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் இல்லை. கண்டாக்கையாவாலும் அதில் குறை பிடிக்க முடியாது.

"சரி, கொஞ்சமா" என்றாள் மேடம்.

"அப்ப இருங்க, தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று வெறும் குடத்தை இடுப்பில் எடுத்தேன்.

செல்லம்மா தலையை நிமிர்த்தினாள். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "இரு அக்கா, நானும் வாறேன், ஐயாவுக்கும் போடணுமே" என்று தன் குடத்தை எடுத்தாள். அப்புறம் சரசு. அப்புறம் கடைசிக் காம்பராக்காரி. குடம் எடுத்துக் குடம் எடுத்து எல்லோரும் வரிசையாகப் பள்ளத்தில் இறங்கிவிட்டோம். இஸ்தோப்பில் மேடமும், கண்டாக்கையாவும், ஷர்மிளாவும் மட்டும்.

எனக்கு முட்டி வலி உண்டு என்பது உண்மை. அன்றைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது. பீலியில் நின்று குடத்தை இரண்டு தடவை கழுவினேன். செல்லம்மா மூன்று தடவை கழுவினாள்.

நிமிர்ந்து பார்த்தால் மேலே, பாதை ஆரம்பிக்கிற இடத்தில், நரைத்த தலை தெரிந்தது. மேடம் எழுந்து வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, குனிந்து, வழுக்குகிற இடத்தில் ஒரு கையை மண்ணில் ஊன்றி ஏறி வருவதை அவள் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தாள். கண்டாக்கையாவும் பக்கத்தில்தான் நின்றார். இந்தத் தடவை அவர் கையில் குடை இல்லை.

தண்ணீர் கொதித்து, சாயம் இறங்கி, மேடம் கையில் கோப்பை வந்தபோது மலை உச்சியில் வெயில் போய்விட்டது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்:

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதும்மா?"

"குடிக்கவா மேடம், போடவா?"

சிரிக்கவில்லை. கோப்பையைக் காலி செய்துவிட்டு, "இன்னொரு கோப்பை கிடைக்குமா?" என்றாள்.

"குடுக்கலாம் மேடம். ஆனா நீங்க இன்னைக்கி இங்கதான் படுக்க வேண்டி வரும்."

அப்போதுதான் சிரித்தாள். கண்டாக்கையாவும் தன் கோப்பையைக் குடித்து முடித்தார். போகும்போது என்னிடம், "சாயம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் பெரட்டில் யாருக்கும் செங்குத்து மலை விழவில்லை. என்ன குறை என்று யாரும் சொல்லவே இல்லையே!

பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குச் சொன்னது

எங்கள் பெயரை மறுபடி பட்டியலில் போட்டார்கள். குழாய் வந்து சேர அடுத்த தைப்பொங்கலும் தாண்டிவிட்டது, ஆனால் வந்தது. இப்போது லயத்து முனையில் இருக்கிறது. குளிர் காலையில் அதைத் திறந்தால் முதலில் கொஞ்சம் காற்று இருமும், அப்புறம் தண்ணீர் வரும்.

பெயர் சேர்ந்த செய்தியை ஷர்மிளாதான் போனில் சொன்னாள். அவளுடைய வேலை என்ன ஆச்சு என்று கேட்டேன். பர்மனன்ட் ஆக்கவில்லையாம். இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம். இரண்டாவது அறிக்கை சரிதான், ஆனால் முதல் நாள் ஜீப்பில் ஏறினது சரியில்லை, இனி எல்லாத் தோட்டத்துக்கும் பஸ்ஸிலேயே போய்ப் பழகு என்று மேடம் சொன்னாளாம். அடுத்த கிழமை உடப்புசல்லாவைக்குப் போகிறாளாம், மூன்று பஸ் மாற வேண்டுமாம். குரலில் அழுகை இல்லை.

நான் போனை வைக்கிறதுக்குள்ளே செல்லம்மாவும் மற்றவர்களும் இஸ்தோப்பில் கூடிவிட்டார்கள்.

"என்னக்கா, அந்த மிஸ்ஸுக்கு வேல நெலச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. மூணு மாசம் போகணுமாம்."

"அடப் பாவமே. நீ அவ்வளவு புத்தி சொல்லியும் அந்தப் புள்ள கேக்கலயே" என்று செல்லம்மா என் வாயைக் கிண்டினாள்.

"ஆமாடி. நான் சொன்னதக் கேட்டிருந்தா அவ அன்னைக்கே ஆபீஸுல பர்மனன்ட்டு. நம்மளும் பீலியில பர்மனன்ட்டு" என்றேன்.